விட்டுப்போன பதினேழாம் அத்தியாயம்

அந்தப் புத்தகத்தின் மேல் ஓரம் கோணலாக வெட்டப்பட்டிருந்தது. வார இதழில் வந்த தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டிங் கொடுத்து வைத்துக்கொள்வது அறுபதுகளில் காரைக்குடியில் பல வீடுகளில் இருந்த வழக்கம். நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீட்டு ஆச்சியிடம் ஓர் அலமாரி நிறைய அப்படிப்பட்ட புத்தகங்கள் இருந்தன. பைண்டிங் செய்தவர் கத்தியைச் சற்று இறக்கி வைத்துவிட்டதில், இந்த ஒரு கதைக்கு மட்டும் அத்தியாய எண்களெல்லாம் ஓரத்தோடு போய்விட்டன. எண் போனால் என்ன, கதை இருக்கிறதே என்று சொல்லி ஆச்சி அதை எங்கள் தமிழ் டீச்சரிடம் கொடுத்தார். கதையிலும் கொஞ்சம் போயிருந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

தமிழ் டீச்சர் என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் சயன்ஸ் டீச்சர். ஆண்டு விழாவுக்கு ஆசிரியைகளே ஒரு நாடகம் போடுவது எங்கள் பள்ளிக்கூடத்துப் பழக்கம். ஆண் வேஷமும் எங்கள் தலையில்தான் விடியும். நான் பனைமரமாக வளர்ந்து நின்றதால் வருஷம் தவறாமல் எனக்கு மீசை. நாடகத்தை அவர் புதிதாக எழுத மாட்டார். ஏதாவது ஒரு கதையை எடுத்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்: "இது கண்ணுக்குத் தெரியுமா, காதுக்குக் கேக்குமா?" இரண்டும் இல்லையென்றால் கோடு விழும். ஒருத்தி நாளெல்லாம் யோசித்தாள் என்று கதையில் இருந்தால், மேடையில் அவள் மடித்த புடவையையே பிரித்துப் பிரித்து மடிப்பாள். பஸ் ஸ்டாண்டு முழுவதும் ஒரு டிரங்குப் பெட்டியாகவும் ஆரன் சத்தமாகவும் சுருங்கிவிடும். புத்தகத் தமிழில் பேசியவர்கள் எங்கள் ஊர்ப் பேச்சுக்கு வந்துவிடுவார்கள். ஆனால் எழுதியவர் எழுதாத ஒரு வசனத்தை அவர் சேர்த்து நான் பார்த்ததே கிடையாது. "அடுத்தவுக வீட்டுக் கல்யாணத்துல பந்தி விசாரிக்கலாம் டீச்சர், மாப்பிள்ளைய மாத்தலாமா?" என்பார்.

கதை எளிமையானது. வேலை கிடைத்து வெளியூர் போன மகளோடு அப்பா மூன்று வருஷம் பேசுவதில்லை. ஒருநாள் மனம் இளகி, மனைவி சுட்டுக் கொடுத்த முறுக்கு டப்பாவோடு பஸ் ஏறுகிறார். அடுத்த பக்கத்தில் வீடு திரும்பிவிடுகிறார். "பார்த்தீர்களா?" என்று மனைவி கேட்கிறாள். அவர் பதில் சொல்லாமல் தண்ணீர் குடிக்கிறார். அவள் டப்பாவைத் திறக்கிறாள், காலியாக இருக்கிறது, அலமாரியில் வைக்கிறாள். அப்பாவும் மகளும் சந்தித்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "அதைச் சொல்லாம விட்டாரு பாருங்க, அதுக்காகத்தான் இந்தக் கதைய எடுத்தேன்" என்று தமிழ் டீச்சர் பூரித்துப்போனார். அப்பா வேஷம் எனக்கு. மனைவி அவரேதான்.

தலைமையாசிரியைக்கு இது பிடிக்கவில்லை. அப்பாவும் மகளும் கட்டிப்பிடித்து அழுகிற காட்சி இல்லாமல் என்ன நாடகம், அதை எழுதிச் சேருங்கள், இல்லாவிட்டால் கோலாட்டம் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். நானும் அவர் பக்கம்தான். நன்றாக அழுது பெயர் வாங்கலாம் என்ற நப்பாசை எனக்கு. நாடகமாகப் போட அனுமதி கேட்டதற்கு எழுத்தாளர் எழுதியிருந்த பதில் கடிதத்தைத் தமிழ் டீச்சர் எடுத்து மேசைமேல் வைத்தார். 'குறைத்துக்கொள்ளலாம். ஒரு வரியும் கூட்டக்கூடாது' என்று அதில் இருந்தது. "கோலாட்டமே வச்சுக்கங்க. அவருக்குக் கொடுத்த வாக்க நான் மீற மாட்டேன்" என்றார். எழுத்தாளரே விழாவுக்கு வர ஒப்புக்கொண்டிருந்ததால் தலைமையாசிரியை அரை மனதோடு இறங்கி வந்தார்.

நாட்டரசன்கோட்டையில் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்த எழுத்தாளர் ஆண்டு விழா அன்று பிற்பகல் காரில் வந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். நாடகம் முடிந்ததும் நேராக உள்ளே வந்து கேட்டது ஒரே கேள்விதான்: "என் பதினேழாம் அத்தியாயம் எங்கம்மா?"

தமிழ் டீச்சருக்குப் புரியவில்லை. புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். எழுத்தாளர் பக்கங்களைப் புரட்டி, தையலுக்குள் விரலை விட்டுப் பார்த்து, "இங்க ஒரு வாரம் முழுசா இல்லை" என்றார். கதை வெளிவந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது, புத்தகமாகவும் வரவில்லை. ஒத்துப் பார்க்க எங்களுக்கு வழியில்லை. அப்பாவும் மகளும் சந்திக்கும் அத்தியாயம் அது. அதற்குத்தான் வாசகர்கள் கட்டுக் கட்டாகக் கடிதம் எழுதினார்கள் என்று சொல்லி, அங்கேயே நின்றுகொண்டு முழுவதையும் நினைவிலிருந்து சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தமிழ் டீச்சரின் முகம் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை. அவர் அத்தனை நாள் கொண்டாடிய மௌனம் எழுத்தாளருடையதே இல்லை, ஆச்சி வீட்டில் எங்கோ தொலைந்துபோன ஒரு வார இதழால் வந்தது.

மறுநாள் மாணவிகளின் தாய்மார்களுக்காக இன்னொரு முறை நாடகம் இருந்தது. "நாளைக்கு அதைச் சேர்த்துடுங்க. முழுக்க வேண்டாம், அப்பா பேசுற மூணு வரி போதும்" என்றார் எழுத்தாளர்.

தமிழ் டீச்சர் புத்தகத்தை வாங்கி மூடினார். பிறகு, "நீங்க சொன்னது நல்லா இருக்குங்கய்யா. ஆனா நாளைக்கும் இப்படியேதான் போடுவேன்" என்றார்.

"எழுதினவன் நான் சொல்றேம்மா."

"குறைச்சுக்கலாம்னு நீங்கதானே கைப்பட எழுதிக் கொடுத்தீக. நான் குறைச்சதா வச்சுக்கங்க."

எழுத்தாளரின் முகம் சிவந்துவிட்டது. நான் எங்கே போய் ஒளிவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை எழுத்தாளருக்காக அந்த இடத்தைக் காத்தவர், இப்போது எழுத்தாளரிடமிருந்தே காக்க வேண்டியதாயிற்று. அது சரியா தவறா என்று எனக்கு அன்று சொல்லத் தெரியவில்லை. அந்தத் துணிச்சல் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது என்று மட்டும் தெரிந்தது.

மறுநாள் நான் மீசை ஒட்டிக்கொண்டிருந்தபோது எழுத்தாளர் வந்து ஒரு சின்னக் காகிதத்தைக் கொடுத்தார். மூன்று வரிகள். "பாத்தீகளான்னு அவங்க கேக்கிறப்ப இதைச் சொல்லிடுங்க. மேடையில யார் தடுக்கப் போறாங்க?" என்றார். பசை காய்வதற்குள் மனப்பாடம் செய்துவிட்டேன். மறைப்பானேன், மேடையில் சொல்லிவிடுவது என்றே முடிவு செய்திருந்தேன். வாசலில் வந்து நின்ற தமிழ் டீச்சர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேல்துண்டு சரியுது பாருங்க" என்று அதைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

அந்தக் காட்சி வந்தது. டப்பாவை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். "பாத்தீகளா?" என்றார் தமிழ் டீச்சர். முதல் நாள் இரண்டு எண்ணுவதற்குள் அவர் கை டப்பாவுக்குப் போய்விட்டது. இன்றும் அப்படிச் செய்து என் வாயை அடைத்திருக்கலாம். செய்யவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டார். மூன்று வரியும் நாக்கு நுனியில் நின்றன. நான் செம்பைத் தூக்கினேன். ஈரம் பட்டால் மீசை கழன்றுவிடும் என்பதால் குடிப்பதுபோலப் பாவனை செய்வதுதான் வழக்கம். அன்று நிஜமாகவே குடித்தேன். ஒரு பக்கத்து மீசை பெயர்ந்து தொங்கியது. அம்மாக்களோடு வந்த அத்தனை சிறுபிள்ளைகள் இருந்த கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்துட்டுத்தான் வந்திருக்காக" என்று சொன்னது மேடைவரை கேட்டது. அதற்குப் பிறகுதான் தமிழ் டீச்சர் டப்பாவை எடுத்தார்.

எழுத்தாளர் உள்ளே வந்தார். நான் எடுத்து நீட்டிய காகிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நேத்து ஒரு அத்தியாயம் குறையுதுன்னே உக்காந்திருந்தேன். இன்னைக்கு அப்படித் தோணலை" என்று தமிழ் டீச்சரிடம் சொன்னார். அவர், "இவுகளச் சொல்லுங்க" என்று என்னைக் கைகாட்டினார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

பின்னாளில் அந்தக் கதை புத்தகமாக வந்தபோது பதினேழாம் அத்தியாயமும் அதில் இருந்தது. நன்றாகவே இருந்தது, படித்து அழுதேன். ஆனாலும் அன்று மேடையில் பேசாமல் இருந்ததற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. இப்போது தமிழ் டீச்சருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. போன மாதம் பார்க்கப் போனபோது, இத்தனை வருஷம் மனதில் கிடந்ததைக் கேட்டே விட்டேன். "அன்னைக்கு நான் அந்த மூணு வரியையும் சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீக?"

"பதில் சொல்லியிருப்பேன். உங்க கையில அந்தக் காகிதத்தப் பாத்ததுமே மனசுக்குள்ள ஒரு வரி எழுதி வச்சுட்டேன். மேடையில உங்கள ஒத்தையில விட்ருவேனா?"

எழுதியவர் எழுதாத ஒரு வரி. தமிழ் டீச்சர் தன் ஆயுளில் ஒரே ஒரு முறை, எனக்காக எழுதியிருக்கிறார். என்ன வரி அது என்று கேட்டேன்.

"அதான் தேவைப்படலையே டீச்சர்" என்றார்.