சாமுவேல் என்று கூப்பிட்டால்

யார், எங்கே "சாமுவேல்" என்று கூப்பிட்டாலும் அவள் அப்பா "இருக்கேன்" என்று எழுந்துவிடுவார். பேருந்து நிலையமோ மருந்துக்கடையோ துக்கவீடோ, இடம் பார்க்கமாட்டார். யாரோ ஒரு தாய் தன் பிள்ளையைக் கூப்பிட்டிருப்பாள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மகளுக்கு மானம் போகும்.

"ஊர்ல பாதிப் பேர் சாமுவேல்ப்பா. எல்லாருக்கும் நீங்களே ஆஜர் போடுவீங்களா?"

"போட்டா வாய் தேஞ்சா போயிடும்?"

அந்த வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள். பெயர்களின் பொருளைத் தேடும் பழக்கம் அங்கே தொற்றியது. மாசமாக இருந்தபோது, நெஞ்சுச் சளியோடு படுத்திருந்த அப்பாவிடம் ஆசையாகச் சொன்னாள்:

"பையன் பொறந்தா உங்க பேருதான். 'கடவுள் கேட்டருளினார்'னு அர்த்தமாம்."

"வேணாம்மா."

"ஏம்ப்பா?"

"கேட்டா மட்டும் போதுமா?"

சுவரைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார். அவர் மீன் கிடங்கில் வேலை பார்த்தவர். குளிரறைக்குள் பெட்டி அடுக்குகிறவர் அவ்வப்போது வெளியே நிற்பவரின் பெயரைச் சொல்லிக் கத்துவார். வெளியிலிருந்து "இருக்கேன்" என்று பதில் வரவேண்டும். உள்ளிருந்து திறக்க மக்கர் செய்கிற கதவுக்கு அதுதான் காவல். அன்று உள்ளே இருந்தவர் அவருடைய கூட்டாளி. வெளியே இரண்டு சாமுவேல்கள், நெட்டையும் குள்ளமும். அப்பாதான் நெட்டை.

"கூப்பிட்டான். காதுல விழுந்துச்சு. கையில டீ. குள்ளன் பாத்துக்குவான்னு இருந்துட்டேன். அவன் லாரிகிட்ட போயிருந்தது எனக்குத் தெரியாது. மறுபடியும் கூப்பிட்டான். அப்புறம் கூப்பிடல."

கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சு சட்டென்று நின்றிருக்கும், சத்தமே வரவில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அப்பா வாயைத் திறக்கவில்லை.

"அவன் பொண்டாட்டிகிட்டயாவது சொல்லணும். வாசல் வரைக்கும் எத்தனையோ தடவை போயிட்டேம்மா. தண்ணி குடிச்சிட்டுத் திரும்பிடுவேன்."

அதன்பின் வீட்டில் யாராவது அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்தால் அவளுக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ காத்திருப்பதுபோல் இருந்தது. சளி இறங்கவேயில்லை. அப்பா போய்விட்டார்.

துக்கத்துக்கு அந்த அத்தையும் வந்தாள். இறந்த கூட்டாளியின் மனைவி. மகளின் வயிற்றைத் தடவிக்கொடுத்தாள்.

"பிள்ளைக்கு உங்கப்பன் பேரையே வைம்மா. பேரைச் சொன்னா போதும், எந்திரிச்சு வர்ற மனுசன். எங்க வீட்டுக்காரரு மட்டும் அன்னிக்கு ஒரு குரல் குடுத்திருந்தா, ஓடிப்போய்க் கதவத் தொறந்திருப்பாரு. குரல் குடுக்கக்கூட அவருக்குக் குடுத்துவைக்கல."

மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கிய வாய் அவளுடையது. "அத்தை..." என்றாள்.

"சொல்லும்மா."

கூடத்தில் யாரோ தண்ணீர் மொண்டு கொண்டிருந்தார்கள். ஒரு டம்ளர் வாங்கி அத்தையின் கையில் கொடுத்தாள்.