கை பிந்தியதா, படம் பிந்தியதா

இரும்புக் கிடங்கில் அவளை எல்லோரும் கொக்கி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடும் மூன்று கிரேன்களில் ஒன்று அவளுடையது. காலையில் ஏணி ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால், கீழே நிற்பவர்களின் கைஜாடையைப் பார்த்து இரும்புத் தகடுகளைத் தூக்கி, லாரியில் சத்தமில்லாமல் இறக்கி வைப்பாள். கம்பிக் கொக்கியில் தொங்கும் சரக்கு சும்மா தொங்காது, ஆடும். அது எந்தப் பக்கம் ஆடப்போகிறதோ அந்தப் பக்கம் கிரேனைக் கொஞ்சம் முன்னாலேயே நகர்த்தினால் ஆட்டம் அடங்கிவிடும். ஆடின பிறகு நகர்த்தினால் இன்னும் அதிகமாக ஆடும். அந்தக் ‘கொஞ்சம் முன்னால்’தான் அவள் தொழில்.

வீட்டில் அவளுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. மகள் சின்னவளாக இருந்தபோது வாங்கிக் கொடுத்த வீடியோ கேம் பெட்டி. மகளுக்கு அது சீக்கிரம் சலித்துவிட்டது. அம்மா பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்து வந்து முகம் கழுவி, கால் நீட்டி உட்கார்ந்து, திரையில் ஓடும் குட்டி மனிதனைப் பள்ளம் தாண்டவைத்தால்தான் அவளுக்கு அந்த நாள் முடியும். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் குட்டி மனிதன் ஓடிக்கொண்டுதான் இருந்தான். “நம்ம வீட்டுல ரெண்டாவது பிள்ளை அவன்தான்,” என்பார் கணவர். அவருக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை.

பழைய டிவி ஒருநாள் புகைந்து அணைந்தது. கணவர் சுவரில் மாட்டும் தட்டை டிவி ஒன்றை வாங்கி வந்தார். படம் பெரிதாக, பளபளவென்று இருந்தது. அவள் ஆசையாகக் கேம் பெட்டியை மாட்டி உட்கார்ந்தாள். முதல் பள்ளத்திலேயே விழுந்தாள். கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிற பள்ளம் அது. மறுபடி விழுந்தாள். அடுத்த நாளும் அதே கதை. பொத்தானை அழுத்தினாள், ஆனால் குட்டி மனிதன் விளிம்பைத் தாண்டிப்போன பிறகே குதித்தான்.

டிவியை அவள் சந்தேகப்படவில்லை. புத்தம் புதுசு. சந்தேகம் நேராகத் தன் கைமேல் போனது.

அந்தச் சந்தேகம் ஏணியேறிக் கூண்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷம் யோசிக்காமல் செய்ததை யோசித்துச் செய்யத் தொடங்கினாள். யோசித்ததால் பிந்தினாள். ஒருநாள் தகடு ஒன்று லாரியின் பக்கப் பலகையை உரசிவிட்டுப் போனது. யாருக்கும் அடியில்லை. மேஸ்திரி மட்டும் கீழிருந்து அண்ணாந்து பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் அருகில் வந்து, “என்ன கொக்கி, உடம்புக்கு ஏதாவது?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லண்ணே. தூக்கம் சரியில்ல.”

கூண்டை விட்டு இறங்கி, கீழே சரக்கு எண்ணும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா என்று நினைக்க ஆரம்பித்திருந்தாள். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் போலிருந்தது.

விடுமுறை நாளில் பழைய டிவியைப் பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிப் போனாள். மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். “பிக்சர் டியூபே போயிடுச்சும்மா. இதுக்கு இப்ப உதிரி கிடைக்காது. புதுசுதான் வாங்கிட்டீங்களே, அப்புறமென்ன?”

“அதுல கேம் ஆட முடியலப்பா. கை முன்ன மாதிரி இல்ல. வயசாச்சு.”

மெக்கானிக் சிரித்தார். “யார் சொன்னது? பழைய கேம் பெட்டிதானே? புது டிவி வர்ற படத்த அப்படியே காட்டாதும்மா. வாங்கி, துடைச்சு, இழுத்துப் பெருசாக்கி, சிங்காரிச்சு அப்புறம்தான் வெளிய அனுப்பும். நீங்க பாக்குறதே கொஞ்சம் பழைய படம். டியூப் டிவி அப்படி இல்ல, வந்தா வந்த வேகத்துல காட்டிடும்.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாண வீடியோ எடிட்டர் ஒருவர் ஸ்டூடியோவைக் காலி செய்கிறார், அவரிடம் நல்ல டியூப் மானிட்டர் ஒன்று இருக்கிறது என்று மெக்கானிக்தான் வழி காட்டினார். அங்கே பாதி அறை அட்டைப்பெட்டிகளாகக் கிடந்தது. மேஜைமேல் சாம்பல் நிறத்தில், இரும்புக் கைப்பிடியோடு அந்த மானிட்டர். சேனல் மாற்றும் வசதி இல்லை, ரிமோட் இல்லை, அழகும் இல்லை. முகப்பில் வரிசையாகச் சின்னப் பொத்தான்கள்.

“நீங்க எந்த ஸ்டூடியோ?” என்றார் எடிட்டர்.

“ஸ்டூடியோ இல்லைங்க. வீட்டுல கேம் ஆட.”

எடிட்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இதுல எத்தனை கல்யாணத்த வெட்டி ஒட்டியிருக்கேன் தெரியுமா?”

“ஒட்டினதெல்லாம் நல்லா இருக்காங்களா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பழைய டேப்பை ஓடவிட்டுக் காட்டினார். மூலைகளில் நிறம் திட்டுத்திட்டாக நின்றது. ஒரு பொத்தானை அழுத்தினார். டம்மென்று சத்தம், படம் ஒருமுறை நெளிந்து, நிறம் சுத்தமானது. “காந்தம் ஏறியிருக்கும். எடுத்துட்டுப் போய் வெச்சதும் ஒருதரம் அழுத்துங்க. ஆனா பின்மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள கரண்ட் தங்கியிருக்கும்.” வயரை மாட்டுவதற்கான இணைப்பு முனைகளையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

மாடிப்படியில் அவளும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். பாதிப் படியில் கணவர் மூச்சு வாங்கி நின்றார். “இது டிவியா, பீரோவா? உன் கிரேனையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்.”

“பேசாம தூக்குங்க. முன்பக்கம்தான் கனம், உங்க பக்கம் காத்து.”

மாட்டுவது லேசாக இல்லை. கேம் பெட்டியின் மஞ்சள் வயர் மானிட்டரின் பின்னால் எதிலும் சேரவில்லை. எடிட்டர் கொடுத்த முனையை நடுவில் வைத்து, தள்ளி ஒரு திருகு திருகினாள். அது இறுகப் பிடித்துக்கொண்டது. சத்தத்துக்கான வயர்களைப் பாட்டுப் பெட்டியில் சேர்த்தாள். சுவிட்சைப் போட்டாள். பாட்டு வந்தது. படமும் வந்தது, ஆனால் நிற்காமல் மேலே மேலே உருண்டுகொண்டே இருந்தது.

“பாத்தாலே மயக்கம் வருது. திருப்பிக் குடுத்துடு,” என்றார் கணவர்.

அவள் எடிட்டருக்கு ஃபோன் போட்டாள். அவர் கேட்டது ஒரே கேள்வி. “முன்னாடி ‘சிங்க்’னு ஒரு பொத்தான், அதுல விளக்கு எரியுதா?”

“எரியுது.”

“அணைங்க. அது எரிஞ்சா, படம் எங்க ஆரம்பிக்கணும்னு சொல்ல இன்னொரு வயர் வரும்னு மானிட்டர் காத்துட்டு இருக்கும். உங்ககிட்ட அந்த வயர் இல்ல.”

அணைத்தாள். படம் சட்டென்று நின்றது. கோடு கோடாக, கூர்மையாக, வானம் நீலமாக. நடுவில் குட்டி மனிதன் அவளுக்காகக் காத்திருந்தான்.

முதல் பள்ளம் வந்தது. அழுத்தினாள். அழுத்திய அதே நொடியில் அவன் குதித்தான். அடுத்தது. அதற்கடுத்தது. சுவர், ஏணி, பறந்து வரும் நெருப்புருண்டை எல்லாம் தாண்டினாள். கையிலிருந்த பொத்தான் கட்டையைத் தரையில் வைத்துவிட்டு உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கடைசிக்கு முந்தின கட்டத்தில், நகரும் பலகைகள்மேல் தொடர்ந்து தாவ வேண்டும். முன்பெல்லாம் அதைச் சிரித்துக்கொண்டே கடப்பாள். இப்போது விழுந்தாள். மறுநாளும் அதே பலகையில்தான் விழுந்தாள்.

“இதுவும் டிவி கோளாறா?” என்றார் கணவர் விளையாட்டாக.

“இல்லங்க. இது நான்.”

அதன்பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். உரசிய தகடு, மேஸ்திரி கேட்டது, இறங்கிவிடலாம் என்று நினைத்தது. கணவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

“முன்னெல்லாம் ஒரு பக்கத்தைப் பாத்தா பிழை தானா எழுந்து நிக்கும். இப்ப ரெண்டாவது தடவை போய்த் தேடணும். அதனால ரெண்டு தடவை படிக்கிறேன். வேலைய விட்டுட்டேனா?”

“உங்க பிழை யார் தலையிலயும் விழாது.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அவள் சொன்னது சரி என்று அவருக்கும் தெரிந்தது.

மறுநாள் காலை ஏணி ஏறுமுன் மேஸ்திரியைத் தேடிப் போனாள். “அண்ணே, என் கைக்கு ஒண்ணும் ஆகல. வழக்கமான சரக்கெல்லாம் நானே தூக்குவேன். ஆனா ரெண்டு கிரேன் ஒண்ணா சேந்து தூக்குற நீளத் தூண் வேலைய மட்டும் வேற ஆள்கிட்ட குடுத்துடுங்க. அதுக்கு வேண்டிய வேகம் இப்ப இல்ல.”

மேஸ்திரி தலையாட்டினார். “நீயா வந்து சொன்னதால சரி. நானே உன்னை இறக்கிவிட வேண்டி வருமோன்னு பயந்துட்டு இருந்தேன்.”

அந்த வாரமே தூண்கள் வந்தன. அவளோடு சேர்ந்து வேலைக்கு வந்த இன்னொருத்தி அடுத்த கூண்டில் இருந்து, மூன்றாவது கிரேனோடு ஜோடி போட்டுத் தூக்கினாள். கொக்கி அக்கா தன் கூண்டில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். தூண் ஒரு பக்கம் சாயத் தொடங்கியபோது அவள் கை தன்னையறியாமல் நெம்புகோலுக்குப் போய்த் திரும்பியது. அதற்குள் தோழி சரிசெய்துவிட்டாள். நன்றாகவே செய்தாள். நெஞ்சுக்குள் எங்கோ ஒன்று முள்ளாகக் குத்தியது, இல்லையென்று சொல்வதற்கில்லை.

கீழே அவளுடைய லாரி வந்து நின்றது. ஒருவர் கையை உயர்த்தி, இறக்கு என்று ஜாடை காட்டினார். கொக்கி யோசிக்காமல் இறங்கியது.