பால் காய்ச்சாத இருபத்தேழு வீடுகள்

அமராவதி அக்கா இறந்து நாற்பது நாள் ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அழுகைக்கு முன்னால் சிரிப்புதான் வருகிறது. அது அவருக்குப் பிடித்திருக்கும்.

பெண்ணாடத்துக்காரர். அப்பா சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடுபவர். அக்கா கணிதம் படித்து, கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, 2005-இல் சிதம்பரத்தில் எங்கள் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தார். சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகக் கிள்ளைக்குக் கிழக்கே ஒரு குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். முதல் கட்டம் நாற்பத்தாறு வீடு, இரண்டாம் கட்டம் முப்பத்தொன்று. எந்த வீட்டில் எந்த வேலை எதுவரை வந்திருக்கிறது என்று கணினியில் பதிவது அக்காவின் பொறுப்பு. எனக்கு அடுத்த மேசை.

சனிக்கிழமைதோறும் மொபெட்டில் குப்பத்துக்குப் போவார். கூரை, பூச்சு, கதவு, மின்சாரம் என்று வீடுவீடாகக் குறித்து வருவார். சென்னைத் தலைமை அலுவலகம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வீடு முடிந்ததா? வீட்டுக்காரர்களிடம் அக்கா கேட்டுப் பதிகிற அந்தப் பதில் திங்கட்கிழமை அவர்களுடைய டேஷ்போர்டில் வண்ணப் படமாக ஏறும். வேலை நடக்கிற வீடு மஞ்சள், முடிந்த வீடு பச்சை. மற்ற ஊர்களில் பழைய விவரத்தின் மேலேயே புதியதை அடித்துவிடுவார்கள். அக்கா வாரத்துக்கு ஒரு தாள் தனியாக வைத்திருந்தார்.

"எதுக்குக்கா இவ்ளோ?" என்று கேட்டேன்.

"போட்ட எடைச்சீட்ட எங்கப்பா கிழிச்சதே இல்லடி பொன்னி."

2006 மார்கழி முழுக்கப் படம் அசையவில்லை. பத்தொன்பது பச்சை, இருபத்தேழு மஞ்சள். பொங்கல் கழிந்த சனிக்கிழமை போய்வந்து பதிந்தார். இருபத்தேழும் ஒரே வாரத்தில் பச்சை.

திங்கள் காலையே சென்னையிலிருந்து திட்ட மேலாளர் மணிவண்ணன் கூப்பிட்டார். "ஒரே வாரத்துல இருபத்தேழு வீடு எப்படிம்மா முடியும்? யாரோ இஷ்டத்துக்குப் போட்டிருக்கீங்க. இது தெளிவாகற வரைக்கும் ரெண்டாம் கட்டத்துக்கு அனுமதி கிடையாது."

அக்காவின் முகம் செத்துவிட்டது. முப்பத்தொரு குடும்பங்கள் தகரக் கொட்டகையில் இரண்டு கோடையைக் கழித்திருந்தன. மூன்றாவது வந்துகொண்டிருந்தது.

அன்றே இருவரும் குப்பத்துக்குப் போனோம். கொட்டகை வாசலில் வேலம்மாள் மீன் அரிந்துகொண்டிருந்தார். அவர் இரண்டாம் கட்டத்துக்காரர்.

"ஏன் அத்தை, மார்கழியில வாராவாரம் கேட்டனே. ஒருத்தராச்சும் வீடு முடிஞ்சுதுன்னு சொன்னாங்களா?"

"மார்கழியில எவடி பால் காய்ச்சுவா? பால் காய்ச்சாத வீட்ட முடிஞ்ச வீடுன்னு சொல்லுவாங்களா? படிச்ச பொண்ணுன்னு வேற சொல்லிக்கிற!"

அக்கா மணலில் உட்கார்ந்து சிரித்தார். "எங்கூர்லயும் அப்படித்தான் பொன்னி. கேக்கறப்ப எனக்குத் தோணலியே!"

மறுநாள் வாரத் தாள்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒரு வரைபடம் போட்டார். கூரைக்கு ஒரு கோடு, பூச்சுக்கு ஒன்று, கதவுக்கு, மின்சாரத்துக்கு. நான்கும் ஐப்பசியிலிருந்து மார்கழி முதல் வாரம்வரை ஒழுங்காக ஏறின. ஐந்தாவது கோடு மட்டும் மார்கழி முழுக்கப் படுத்தே கிடந்து, தை பிறந்ததும் செங்குத்தாக எழுந்தது.

வியாழக்கிழமை மணிவண்ணன் நேரிலேயே வந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த அஞ்சாவது கோடு என்னம்மா?"

"பால், சார்."

"பாலா?"

அக்கா விளக்கினார். மணிவண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்க கட்டுன வீடும் மார்கழி முழுக்கப் பூட்டியே கெடந்துச்சு. எங்கம்மா தையிலதான் சாவிய கையில குடுத்தாங்க." அங்கேயே அனுமதியில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் எல்லா மாவட்டத்துக்கும் டேஷ்போர்டில் ஒரு புது நிலை வந்தது: 'கட்டி முடிந்தது, பால் காய்ச்சவில்லை'. அதற்கு இளம்பச்சை. நாகப்பட்டினத்தில் இதே வேலை பார்த்த ஆரோக்கியம்மாள் உடனே கூப்பிட்டார். "எங்களுக்கு ஃபாதர் வந்து மந்திரிச்சாத்தான் வீடு. அதுக்கு ஒரு கலர் குடுடி!"

2007 ஆடியில் கோடு படுத்தது. சென்னையிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை. ஆவணியின் முதல் முகூர்த்தத்தில் முப்பத்தொரு வீட்டிலும் அடுப்பு எரிந்தது. குறிக்கப் போன அக்காவை யாரும் வாசலோடு விடவில்லை. வேலம்மாள் வீட்டிலிருந்து எனக்குப் போன் வந்தது.

"பொன்னி, பதிமூணு வீடு ஆச்சு. பதிமூணு டம்ளர் பால். இதுக்கு மேல உள்ள எறங்காது. பஸ்ஸ புடிச்சி ஒடனே வா."

போனேன். அக்கா குறிப்பேட்டோடு முன்னால் நடக்க, பின்னால் நான் குடித்துக்கொண்டே போனேன். ஒன்பதாவது டம்ளரில் நானும் உட்கார்ந்துவிட்டேன்.