கை இருந்த பக்கம்

வாசலில் மூன்று பேர் இருந்தோம். என் மகன், அவன் கூட்டாளி, நான். கூட்டாளி இடமும் வலமும் மாற்றிப் பந்து எறிந்தான். மகன் கால் மாற்றி வைத்துப் பிடித்தான். சிலம்பத்துக்குக் கையும் காலும் ஒன்றாக ஓட வேண்டும்.

நான் சிறுமியாக இருந்த ரப்பர்த் தோட்டத்தில் பந்து கிடையாது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், காய்ந்த ரப்பர் ஒட்டுப்பாலின் நாற்றத்தில், அண்ணனுக்கு நான் ரப்பர்க் கொட்டை எறிவேன். ஐம்பது கொட்டை. ஒன்றுகூடத் தவறாது.

ஒரு வருசம் குளிர்காய்ச்சல் அவனைப் படுக்கையில் போட்டுவிட்டது. எழுந்த அன்றே எறியச் சொன்னான். எப்போதும்போல் இடமும் வலமும் மாற்றி எறிந்தேன். பெரும்பாலும் கீழே விழுந்தன. அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"திருவிழாவுல நான்தான் கம்பு சுத்தணும், புள்ள. நாளைக்கும் எறி."

மறுநாள் அவன் கை இருந்த பக்கமாகவே எறிந்தேன். ஐம்பதும் பிடித்தான்.

"பாத்தியா, காய்ச்சல் ஓடிப்போச்சு!"

"ஒனக்கென்னண்ணே, புலியாச்சே."

அம்மா தடுத்தாள். "வேணாம்டா, ஒடம்பு தேறட்டும்."

"அம்பதும் புடிச்சிட்டேம்மா. தங்கச்சியக் கேளு."

அம்மா என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன்.

மாரியம்மன் திருவிழாவில் எதிராளியின் கம்பு இடப்பக்கம் வந்தது. அண்ணன் கை வலப்பக்கமே நின்றது. அடி நெற்றிப்பொட்டில் விழுந்தது. மூன்றாம் நாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் போய்விட்டான். கொட்டை எறிந்த கதையை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"அம்மா, நீங்க கொஞ்சம் எறிங்க லா," என்றான் மகன்.

பந்தை வாங்கி, அவன் கை இல்லாத பக்கம் எறிந்தேன்.

காய்ச்சலிலிருந்து எழுந்த அன்று அண்ணன் பிடித்தது ஐம்பதில் ஒன்பது.