ஓட்டுநரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை

கடுகு என்று அவளுக்குப் பெயர் வைத்தவள் வகுப்புத் தோழி. ஆள் சின்னது, குரல் பெரியது, சூடு பட்டால் போதும், வெடித்துவிடுவாள். பல்கலைக்கழகத்தில் இதழியல் முதலாமாண்டு சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பதிலுக்குக் கடுகு அந்தத் தோழிக்கு மைக் என்று பெயர் வைத்தாள். டி.வி.யில் செய்தி வாசிக்க வேண்டும் என்பது மைக்கின் ஆசை. தண்ணீர் பாட்டில் கையில் கிடைத்தாலும் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டுதான் பேசுவாள். இரண்டு பேரும் ஒரே பெஞ்சு, மதியம் ஒரே டப்பாவில் சாப்பாடு.

கடுகு இந்தப் படிப்புக்கு வந்ததே சண்டை போட்டுத்தான். "வாயாடறதுக்கு ஒரு டிகிரியா? கணக்கு படிச்சா பேங்க்ல உக்காரலாம்" என்றார் சித்தப்பா. அவருக்கு என்ன, அவர் பிள்ளைகள் பேங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பாதான் அவள் பக்கம் நின்றார். "வீட்ல கத்தறதை வெளியில போய்க் கத்தட்டுமே. சம்பளமாவது கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவர் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிரைவர். நகரத்துக்குள் ஓடும் வண்டி. விடியற்காலையில் போனால் சாயங்காலம் காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிப்போய் வருவார். அம்மா பள்ளிச் சீருடை தைப்பவள். அந்த மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித்தான் கடுகுக்கு இந்தக் குரலே வந்தது என்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. அவர் ஓட்டிய பஸ், நிறுத்தத்துக் கம்பி வேலியை இடித்துக்கொண்டு நடைபாதையில் ஏறிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. சிலருக்கு அடி, ஒரு அம்மாவுக்குக் கை முறிந்திருந்தது. "அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். திங்கட்கிழமை கம்பெனியில் விசாரணை. அவர் மேல்தான் தப்பு என்று முடிவானால் வேலை போய்விடும், லைசென்ஸுக்கும் ஆபத்து. அம்மா மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடுகு நின்றபடியே கம்பெனியைத் திட்டினாள், ரோட்டைத் திட்டினாள், ஓட்டை வண்டி வாங்கியவனின் பரம்பரையைத் திட்டினாள். அப்பா டீயைக் குடித்து முடித்தார்.

வியாழக்கிழமை வகுப்பில் செய்தி எழுதும் பயிற்சி. சொல்லித் தருபவர் ஒரு நாளிதழில் காலமெல்லாம் உதவி ஆசிரியராக இருந்தவர். எதற்கெடுத்தாலும் மணியைப் பார்ப்பதால் மாணவர்களுக்கு அவர் டெட்லைன் சார். அந்த நாளிதழோடு துறைக்கு ஓர் ஏற்பாடு உண்டு. வாரம் ஒருமுறை மாணவர் எழுதிய ஒரு செய்தி, எழுதியவர் பெயரோடு அச்சில் வரும். ஒரு பெயருக்காக வகுப்பு முழுவதும் அடித்துக்கொள்ளும்.

"இது நிஜமான பத்திரிகைக் குறிப்பு. இன்னிக்கு அனுப்பினா நாளைக்குப் பேப்பர்ல. அரை மணி நேரம்தான்" என்று சொல்லி ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.

கடுகு படித்தாள். பஸ் கம்பெனியின் குறிப்பு. கைபேசியில் பேசியபடியே அஜாக்கிரதையாக வண்டி ஓட்டிய ஓட்டுநரால் விபத்து நேர்ந்தது, பயணிகளின் பாதுகாப்பே கம்பெனியின் உயிர்மூச்சு, அந்த ஓட்டுநர் உடனடியாகப் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். கீழே ஓட்டுநரின் பெயர், வயது. அப்பாவின் பெயர்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுற்றிலும் பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மைக் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதித் தள்ளினாள். மைக் எத்தனையோ முறை வீட்டுக்கு வந்திருக்கிறாள், அப்பா கையால் டீ வாங்கிக் குடித்திருக்கிறாள். ஆனால் தோழியின் அப்பாவுக்குப் பெயர் என்ன என்று யார் கேட்டு வைத்துக்கொள்கிறார்கள்? அவளுக்கு அவர் அங்கிள், அவ்வளவுதான்.

நேரம் முடிந்ததும் தாள்களை வாங்கிப் புரட்டிய டெட்லைன் சார் மைக் எழுதியதைத் தேர்ந்தெடுத்து உரக்கப் படித்தார். குறிப்பில் இருந்தது எல்லாம் அப்படியே இருந்தது, நல்ல தமிழில் இருந்தது. கடைசி வரி: 'இதுகுறித்துக் கருத்துக் கேட்க ஓட்டுநரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை.'

"பார்த்தீங்களா, கடைசி வரி. எதிர்த் தரப்பையும் மறக்கல. இதுதான் நடுநிலை" என்றார் சார்.

கடுகு எழுந்தாள். "சார், எந்த நம்பருக்குக் கூப்பிட்டாளாம்?"

வகுப்பு சிரித்தது. மைக்கும் சிரித்தாள். "அரை மணி நேரத்துல எங்கடி கூப்பிடறது? எல்லாரும் அப்படித்தானே போடறாங்க?"

"ஆமா சார், நானும்தான் போட்டேன்" என்றான் பின் பெஞ்சிலிருந்து ஒருவன். ஒருவன் என்ன, பாதி வகுப்பு போட்டிருந்தது. ஒரு போனை எடுத்து ஓர் எண்ணைக்கூட அமுக்காத ஒரு கூட்டம், அந்த மனுஷன்தான் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. பச்சைப் பொய். அதற்கு நடுநிலை என்று பெயர். சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது, கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

"அவரு ரெண்டு நாளா வீட்ல போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றாள் கடுகு. "அந்த டிரைவர் எங்கப்பா."

சிரிப்பு நின்றது. மைக்கின் முகம் வெளுத்துவிட்டது. டெட்லைன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "எனக்குத் தெரியாதும்மா, வருத்தமாத்தான் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். "ஆனா ஒண்ணு. உன் சொந்தக்காரங்க விஷயத்துல நீ தலையிடக் கூடாது. ஒரு வரி எழுதக் கூடாது, ஒரு கேள்வி கேக்கக் கூடாது. இந்தத் தொழிலோட முதல் விதி அது."

"பொய் எழுதக் கூடாதுங்கறது எத்தனாவது விதி சார்?"

அவர் மணியைப் பார்த்தார். பேப்பரில் அந்தப் பக்கத்தைச் சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும் என்றார்.

வராந்தாவில் கடுகு மைக்கை மடக்கினாள். "வாபஸ் வாங்கு."

"எப்படிடி வாங்குவேன்? அனுப்பியாச்சு."

"போன் பண்ணி வேணாம்னு சொல்லு."

மைக் தரையைப் பார்த்தாள். அவள் வீட்டிலும் இந்தப் படிப்புக்கு எதிர்ப்புதான். முதல் வருஷத்துக்குள் பெயர் அச்சில் வராவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று அவளுடைய அப்பா சொல்லியிருந்தார். அது கடுகுக்கும் தெரியும். "நான் ஒண்ணும் கற்பனை பண்ணி எழுதலையே. கம்பெனி சொன்னதைத்தானே எழுதினேன்?" என்றாள் மைக். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் வாபஸ் வாங்குகிறேன் என்று மட்டும் வாயில் வரவில்லை.

"அப்ப எங்கப்பாவைக் கூப்பிடு. என் கண் முன்னாடி கூப்பிடு. அந்த ஒரு வரியையாவது எடு. இல்லைன்னா ஜென்மத்துக்கும் என் மூஞ்சியில முழிக்காதே."

மைக் கூப்பிட்டாள். காலி வகுப்பறையில், போன் மேஜைமேல், ஒலிபெருக்கியில். தானும் கூடவே இருக்க வேண்டும் என்று கடுகு பிடிவாதம் பிடித்ததால் டெட்லைன் சாரும் வாசலில் நின்றார். "நீ வாயைத் திறக்கக் கூடாது" என்று அவளுக்கு நிபந்தனை. முதல் மணி முழுதாக அடிக்கக்கூட இல்லை, அப்பா எடுத்துவிட்டார்.

"ஹலோ, சொல்லுங்க."

மைக் டி.வி. குரலுக்கு மாறினாள். "பத்திரிகையிலேர்ந்து பேசறோம் சார். விபத்துக்கு உங்க அஜாக்கிரதைதான் காரணம்னு கம்பெனி சொல்லுது. உங்க கருத்து என்ன?"

குரலை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் வேணும்னு செய்யலம்மா. அந்தம்மாவுக்குக் கை எப்படி இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? அன்னிக்கு என்னன்னா, வண்டி அந்தத் திருப்பத்துல வரும்போது…"

"தேங்க்ஸ் சார்" என்று மைக் வைத்துவிட்டாள். பக்கம் வடிவமைப்பவர் நாளிதழ் அலுவலகத்தில் காத்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டதும் எரிந்து விழுந்தார்: "இப்ப வந்து மாத்தச் சொல்றியே. ஒரே ஒரு வரி. எடுக்கற வரியைவிட ஒரு எழுத்து கூடினாலும் இடமில்ல."

மைக் விரல் விட்டு எண்ணிக்கொண்டே சொன்னாள்: "இந்தக் குற்றச்சாட்டை ஓட்டுநர் மறுத்தார்."

கடுகு மூச்சு விட்டாள். ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது அவளுக்கு. போகும் வழியெல்லாம் மைக்கைத் திட்டிக்கொண்டே போனாள், வீட்டில் நுழைந்ததும் கம்பெனியைத் திட்டினாள், சோறு இறங்குகிறவரை டெட்லைன் சாரைத் திட்டினாள். "நாளைக்குப் பாருங்கப்பா, நீங்க சொன்னதும் வரும். நான் விடல" என்றாள். அப்பா தலையாட்டினார்.

காலையில் அவரே கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வந்தார். முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். மைக்கின் பெயர் தடித்த எழுத்தில் மேலே. அப்பா வாய்விட்டு, வரிக்கு வரி நிறுத்திப் படித்தார். அம்மா துணியை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். கடைசி வரிக்கு வந்தவர் அதை இரண்டாம் முறை படித்தார்.

"நான் எப்பம்மா மறுத்தேன்?"

"பின்ன என்னப்பா? போன்ல பேசிக்கிட்டே ஓட்டினீங்கன்னு கூசாம எழுதிக் குடுத்திருக்கானுங்க. அநியாயத்துக்கு…"

"பேசினேனே."

மிஷின் பக்கம் திரும்பிய அம்மா அப்படியே நின்றுவிட்டாள். கடுகுக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "பேசினீங்களா? யாருகூட?"

"ஆபீஸ்தான் கூப்பிட்டது. எங்க இருக்கே, முன்னாடி போற வண்டிக்கும் உனக்கும் ஏன் இவ்வளவு இடைவெளின்னு. தினம் கூப்பிடுவாங்க, ஓடற வண்டியிலதான் கூப்பிடுவாங்க. எடுக்கலைன்னா மறுநாள் வண்டி குடுக்க மாட்டாங்க, வாசல்லயே நிக்க வைப்பாங்க. அன்னிக்கும் எடுத்தேன். அதைத்தான் அந்தப் பொண்ணுகிட்ட சொல்ல வந்தேன், வச்சிட்டா." பேப்பரை மடித்தார். "திங்கக்கிழமை போன் கணக்கை எடுத்து வைப்பாங்க. நான் பேசினது அதுல இருக்கும். பேசலைன்னு நான் சொன்னதா இதுல இருக்கு. இனிமே நான் எதைச் சொன்னாலும் பொய்க்காரன்தான்."

போனில் கூப்பிட்டவனே போனில் பேசினான் என்று குறிப்பு எழுதியிருக்கிறான். அதை ஒரு வகுப்பே நல்ல தமிழில் எழுதித் தந்திருக்கிறது. அது போதாதென்று, அப்பாவின் கழுத்தில் மாட்டிய அந்தக் கடைசி வரி, கடுகு சண்டை போட்டு வாங்கிய வரி.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினாள். "செவ்வாய்க்கிழமையிலேர்ந்து வீட்லதானே இருக்கேன்?"

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் குரலில் கோபமில்லை.

"நீ கேக்கவே இல்லையேம்மா. வந்ததிலேர்ந்து கத்திக்கிட்டுத்தான் இருந்தே."

பிறந்ததிலிருந்து அவள் வாயடைத்துப்போய் அம்மா பார்த்ததில்லை. கடுகு அப்பாவின் நெற்றிப் பிளாஸ்திரியைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். அந்தப் பக்கம் மைக் தூக்கக் கலக்கத்தோடு, பயந்துகொண்டேதான் எடுத்தாள்.

"இன்னும் கோவமாடி?"

"ஆமா. மூஞ்சி கழுவிட்டுக் கிளம்பி வா."

"எங்க?"

"எங்க வீட்டுக்கு. நான் கேக்கக் கூடாதாம், நீ கேக்கலாம். உன் பேர்ல வந்த செய்தியில ஒரு கேள்வி விட்டுப்போச்சு. பேசினது யாருகூடன்னு எங்கப்பாவைக் கேளு, அவரு சொல்லி முடிக்கற வரைக்கும் உக்காரு, திங்கக்கிழமைக்கு முன்னாடி அதை அதே பேப்பர்ல போட வை."

கடுகு போனை வைக்கவில்லை, காத்திருந்தாள்.

"வரேன்" என்றாள் மைக்.