வண்டிய யாருங்க ஓட்டறது?

எங்கள் காரின் ஆர்.சி.யில் இருப்பது என் பேர். பெண்ணுரிமை என்று நினைத்துவிட வேண்டாம். என் வீட்டுக்காரருக்கு வாகன ராசி இல்லை என்று ஜோசியர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். எங்கள் பக்கம் நிறையக் கார்கள் இப்படித்தான் பெண்கள் பேரில் ஓடுகின்றன. பேருக்குச் சொந்தக்காரி பக்கத்து சீட்டில் தேங்காய்பழக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். எனக்கு லைசென்ஸும் இருந்தது. பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் பல்லடம் ரோட்டில் அவர் ஓட்டிக்கொண்டு போகும்போது சாயப்பட்டறையிலிருந்து போன். துணியில் ஷேடு மாறிவிட்டதாம். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் போன், வாயில் வசவு என்று போனவர் நேராகப் போலீஸ்காரரிடம் போய் மாட்டினார். லைசென்ஸை மூன்று மாதம் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

"நம்ம தையல் யூனிட்டு பக்கத்துலதான புள்ள, நானே ஓட்டிக்கறேன்" என்று மறுநாளே சாவியை எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"வேண்டாமுங்க அம்மிணி" என்றார் ஏஜெண்ட். "பாலிசி வண்டிக்குத்தான். ஆனா ஓட்டறவங்க லைசென்ஸ் செல்லுபடியாகோணும். சஸ்பெண்டுல இருக்கறப்ப எங்காச்சும் மோதுனா கம்பெனி கைய விரிச்சுருமுங்க."

சாவி மேசைக்கு வந்தது. நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு க்யூ.சி. வேலை. ஏற்றுமதிப் பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால் பனியன்களை எடுத்துத் தையல், அளவு, கறை எல்லாம் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அதுவரை பஸ் வசதியுள்ள கம்பெனிகளுக்கு மட்டும்தான் போவேன். இப்போது காலையில் அவரைத் தையல் யூனிட்டில் இறக்கிவிட்டு அவிநாசிபாளையம், குண்டடம் என்று போக ஆரம்பித்தேன். தூரம் என்று விட்டிருந்த வேலைகளெல்லாம் கைக்கு வந்தன. கண்ணாடியை ஏற்றிவிட்டு, காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு, எனக்கு நானே பேசிக்கொண்டு போவேன். சந்தோஷமாக இருந்தேன். சொல்வதற்கென்ன வெட்கம்.

அவர்தான் பாவம். காலையில் பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். "கியர மாத்து", "ஆரன் அடி", "அந்த லாரிகிட்ட என்ன வேல உனக்கு?" நல்ல வார்த்தை ஒன்று வந்ததில்லை.

மூன்று மாதம் முடிய முடிய நான் காலண்டரில் நாளை எண்ண ஆரம்பித்தேன். லைசென்ஸ் திரும்பி வந்தால் கார் அவரோடு போய் யூனிட் வாசலில் பொழுதுக்கும் வெயில் காயும். நான் பழையபடி பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். குண்டடத்து வேலை வேறு யாருக்காவது போய்விடும். இன்னொரு கார் வாங்க எங்களுக்கு வழியில்லை.

லைசென்ஸ் வந்தது. அதே வாரம் பாலிசியும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் ஒருவர் என் வீட்டுக்காரரிடம், "எங்க ஊர்ல லைசென்ஸ் ஒருதடவ போயிட்டா இன்சூரன்ஸ் தாறுமாறா ஏறிரும்" என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

ஏஜெண்ட் வீட்டுக்கே வந்தார். காபியை ஆற்றிக்கொண்டே, "ஓனருக்கு விபத்துக் காப்பீடு இருக்குதுங்களே, அதுக்கு அம்மிணி லைசென்ஸ் நடப்புல இருக்கோணும். இருக்குதுங்களா?" என்றார். காட்டினேன். "சரிங்க, இப்ப வண்டிய யாருங்க ஓட்டறது?"

இவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "நான் தொடறதே இல்லீங்க! எல்லாம் இவதான். அருமையா ஓட்டுவா. இவ கையில குடுத்துட்டு நீங்க தூங்கியே போயிரலாமுங்க."

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். இத்தனை நாள் இந்தச் சான்றிதழை எங்கே ஒளித்து வைத்திருந்தார்?

ஏஜெண்ட் சிரித்தார். "பயப்படாதீங்க. உங்க லைசென்ஸ் சமாச்சாரத்துக்கெல்லாம் நம்மூர்ல பிரீமியம் ஏத்த மாட்டாங்க. சும்மா பேச்சுக்குக் கேட்டனுங்க."

ஏஜெண்டின் வண்டி கேட்டைத் தாண்டியதும் இவர் கையை நீட்டினார். "சாவி எங்க புள்ள?"

எங்கள் ஊரில் மாட்டேன் என்று யாரும் மூஞ்சிக்கு நேரே சொல்ல மாட்டோம். "பாக்கலாமுங்க" என்போம், கேட்டவர் புரிந்துகொண்டு போய்விடுவார். கல்யாணமான நாளிலிருந்து நானும் பாக்கலாமுங்க என்றே காலத்தை ஓட்டியவள். அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"தர மாட்டேனுங்க" என்றேன். "நாளைக்குக் குண்டடத்துல இன்ஸ்பெக்‌ஷன். எனக்கு வண்டி வேணும்."

நீட்டிய கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டார்.

"அப்ப என்னய எத்தன மணிக்கு எறக்கி உடுவ?"