அக்காவின் பாட்டில் கடைக்காரர் குரல்

நாங்கள் இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் இருந்த காலம். போர்க்காலப் பொருளாதாரத் தடையால், பாட்டுப் பதியப் புதுக் கசற் நாடா கிடைப்பது அரிது. இறந்துபோன அக்கா வீட்டில் பாடிப் பதிந்த மாதா பாட்டுகள் நான்கு கசற்றுகளில் அங்குமிங்குமாகக் கிடந்தன. ஜெனரேற்றர் வைத்துப் பாட்டுப் பதியும் கடையில் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே கசற்றில் சேர்த்து வாங்கினேன். முதல் பாட்டை மட்டும் கேட்டேன், சரியாக இருந்தது. உடனே பழைய நான்கையும் அழித்து, வானொலியில் வந்த சினிமாப் பாட்டுகளைப் பதிந்துவிட்டேன்.

பிறகுதான் மிச்சத்தைக் கேட்டேன். இரண்டாவது பாட்டின் நடுவில், அக்காவின் குரலை அமுக்கிக்கொண்டு, கடைக்காரர் தொண்டையைக் கனைத்துத் தன் கடைப் பெயரைச் சொன்னார். கசற்றை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

"ஏனண்ணை இப்பிடிச் செய்தனீங்கள்?"

"எல்லாருக்கும் போடுறதுதானே தம்பி. இல்லாட்டி வேற கடைக்காரர் கொப்பி அடிச்சு வித்துப்போடுவினம்," என்று சிரித்தார்.

செத்தவளின் பாட்டை யார் வாங்குவார்கள்?

அந்தக் கசற்றைக் கேட்டுத்தான் அக்காவின் சின்ன மகள் தாயின் பாட்டுகளைப் பழகினாள். மாதா கோயிலில் ஒருநாள் பாடியவள், அந்த இடம் வந்ததும் நிறுத்தி, கனைத்து, கடைப் பெயரைச் சொன்னாள். சனம் சிரித்தது.

"பாட்டில அப்பிடித்தானே மாமா வருது?" என்றாள்.

இன்றைக்கும் யாராவது தொண்டையைக் கனைத்தால் அடுத்து அந்தக் கடைப் பெயர்தான் எனக்குக் கேட்கும். கனைத்தது நானாக இருந்தாலும்தான்.